அபேனா வரைந்த முந்தானை

நெவார்க் விமான நிலையத்தில் என்னைவிட என் பைப்புக்குத்தான் மரியாதை அதிகமாக இருந்தது. அம்பத்தூரில் எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கிய தடிமனான பிளாஸ்டிக் பைப். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுவார்களே, அதேதான். இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே பன்னிரண்டு படங்களைச் சுருட்டி வைத்திருந்தேன். படம் கசங்காமல் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுங்க அதிகாரிக்கோ இதைவிடச் சந்தேகமான பொருள் வேறு தெரியவில்லை.

ஓரமாக அழைத்துப் போய்த் திறக்கச் சொன்னார். முதல் படத்தை விரித்தேன். பச்சைக் காட்டன் புடவை கட்டிய ஒரு பெண் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான் படம். அவர் குனிந்து பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்த பெண் அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொன்றை விரிக்கச் சொன்னார்கள், பிறகு இன்னொன்று. அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, இது சோதனை இல்லை, வேடிக்கை. வரைந்தது நீங்களா என்று கேட்டார் அதிகாரி. இல்லை, அபேனா என்று ஒரு பெண், கானாவில் குமாசி ஊர்க்காரி, இப்போது உங்கள் டெக்சஸில்தான் இருக்கிறாள் என்றேன். அந்தப் பெயரை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் செய்ய வந்த வேலை வாசலிலேயே தொடங்கிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். நான் புடவைக்காரி. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி நிறையக் கைத்தறிப் புடவைகளோடு அமெரிக்கா வந்து, தெரிந்தவர்கள் வீட்டு ஹாலில் பரப்பி விற்றுவிட்டுப் போவேன். போன வருஷம் என் புடவை ஒன்றின் போட்டோவைப் பார்த்து யாரோ ஒருத்தி படம் வரைந்து இணையத்தில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் குழம்பு அடிபிடித்துவிட்டது. ஃபேஷன் படம் என்றால் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு பெண், அவள்மேல் ஏதோ ஒரு துணி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவள் படத்தில் துணி துணியாகவே விழுந்தது. ஒரு தூரிகை இழுப்பில் அது காட்டனா பட்டா என்று தெரிந்தது. காட்டன் என்றால், கஞ்சி போட்டதா இல்லையா என்றும் தெரிந்தது. புடவை விற்கிற நான் வாடிக்கையாளரிடம் கால் மணி நேரம் பேசிப் புரியவைப்பதை அவள் ஒரே கோட்டில் சொல்லியிருந்தாள்.

தேடிப் பிடித்துப் பேசினேன். அம்மா குமாசியில் தையல்கடை வைத்திருக்கிறாராம். வருகிறவர்கள் மாடல் பார்த்துத் தேர்ந்தெடுக்க, பள்ளிக்கூடக் காலத்திலேயே கடைச் சுவருக்குப் படம் போட்டுக் கொடுத்தவள். இப்போது ஹூஸ்டனில் ஒரு கல்யாண கவுன் கடையில் இடுப்பைப் பிடித்து, கையைத் தளர்த்திக் கொடுக்கிற வேலை. அவள் வரைந்த படங்கள் இணையத்தில் எங்கெங்கோ சுற்றுகின்றன, பெரும்பாலும் கீழே இருக்கும் பெயர் வெட்டப்பட்டு. "ஒரு சுவர் வேண்டும் ஆன்ட்டி. சுவரில் என் படம், அதில் என் பெயர். அப்போது யார் வெட்டுவார்கள் பார்க்கிறேன்" என்று ஒரு நாள் சொன்னாள். பெரியவர்களை ஆன்ட்டி என்பது நம் வழக்கம் மட்டுமில்லை, கானாவிலும் அப்படித்தானாம்.

அந்தச் சுவர் நியூ ஜெர்சி ஐசலினில் சாவித்திரியின் கையில் இருந்தது. சாவித்திரி கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண். ஓக் ட்ரீ சாலையில் பட்டுப்புடவைக் கடை வைத்து நன்றாக நடத்துகிறார். ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் புதுக் கிளை திறக்கப் போவதாகவும், உள்ளே நுழைந்ததும் ஒரு நீளச் சுவர், அதில் புடவை கட்டிய பெண்கள் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நான் அபேனாவைப் பற்றிச் சொன்னேன். படத்தை அச்சடித்துப் பெரிதாகக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். அதற்குத்தான் இந்தப் பைப்.

மறுநாள் ஐசலினுக்கு ரயிலில் போனேன். பைப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஸ்டேஷன் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த குஜராத்திப் பெரியவர் திரும்பிப் போகும் ரயிலைக் காட்டி ஏற்றிவிட்டார். ஏறும்போது பைப்பைத் தட்டிப் பார்த்து, பிளம்பிங் வேலைக்கு வந்திருக்கிறாயா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்கிற தெம்பு இல்லை.

ஓக் ட்ரீ சாலையில் நடந்தால் நம் தி.நகரை யாரோ அயர்ன் பண்ணி விரித்த மாதிரி இருக்கும். அதே நகைக்கடை, அதே சாட் மசாலா வாசனை, ஆனால் யாரும் இடித்துக்கொண்டு போவதில்லை. இடிபடாமல் புடவைக்கடைக்குள் நுழைவது எனக்கு இன்னும் பழகவில்லை. சாவித்திரி என்னை முதலில் சாப்பிடச் சொன்னார். வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்திருந்தார், மேலே நெய், பக்கத்தில் அப்பளம். நியூ ஜெர்சிக் குளிருக்கு அதைச் சாப்பிட்டபோது எந்த வியாபாரமும் கைகூடும் என்று தோன்றியது.

பிறகு கடைத் தரையில் பாய் விரித்துப் படங்களை வரிசையாகப் பரப்பினேன். சாவித்திரி ஒவ்வொன்றுக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். கஞ்சி தெரியுதுங்களே என்றார். நான் சொல்லாமலே சொன்னார். காஞ்சிபுரம் பார்டரின் கனம் பார்த்துவிட்டு, தன் கடைப் பட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். முடிந்தது, சுவர் நம்முடையது என்று நான் மனசுக்குள் அபேனாவுக்குப் போன் போட்டே விட்டேன். அப்போது அவர் எழுந்து, தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க்கா, எல்லாம் அருமையாத்தான் இருக்குது. ஆனா முந்தானை வலது தோள்ல இல்ல கெடக்குது?"

பார்த்தேன். வலது தோள். அடுத்தது, வலது தோள். பன்னிரண்டு பேரும் ஒற்றுமையாக வலது தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மாதக்கணக்கில் பார்த்த படங்கள். சென்னையில் அச்சகத்துக்காரரும் நானுமாக நிறத்தைச் சரிபார்த்த படங்கள்.

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்தப் படங்களுக்காகப் புடவை கட்டுவது எப்படி என்று வீடியோ வேண்டும் என அபேனா கேட்டபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. நானே எங்கள் இரும்பு பீரோ கண்ணாடி முன்னால் நின்று, கண்ணாடியில் தெரிந்த என்னைப் படம் பிடித்து அனுப்பினேன். கண்ணாடிக்குள் இடது வலதாகிவிடுமே என்று தோன்றவே இல்லை. தோன்றாது. புடவை கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து நான் என்னைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்காரிக்கு முந்தானை எப்போதும் அந்தப் பக்கம்தான்.

இதைச் சொன்னேன். சாவித்திரி சிரித்தார், ஆனால் நம்பவில்லை.

"அக்கா, நீங்க அந்தப் புள்ளைக்குப் பரிஞ்சு பேசறீங்க. நம்ம ஆளு வரைஞ்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. தப்பு செய்தது நம்ம ஆள்தான், இதோ எதிரில் உங்கள் அப்பளத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மறுபடி சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார். இந்தத் தெருவைப் போலவே சுகர் லேண்டிலும் குஜராத்திக்காரர்கள் நிறைய, அவர்கள்தான் வலது தோளில் போடுவார்கள், இதை மாட்டினால் என் கடையை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று ஊரே பேசும் என்றார். அவர் வீட்டுக்காரர் அந்தச் சுவருக்கென்று ஏற்கெனவே சென்னையில் ஒரு மாடலை வைத்து எடுத்த போட்டோக்கள் பெட்டியில் தயாராக இருக்கின்றனவாம். பிறகு, பாவம், அவரே ஒரு வழியும் சொன்னார். கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

எனக்குப் போன உயிர் வந்தது. கடைக்கு வெளியே நின்று போனிலேயே ஒரு படத்தைத் திருப்பி, அபேனாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். பீரோ கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நான் அனுப்பிய படத்தைத் திறந்தாள். "ஆன்ட்டி, நன்றாகப் பாருங்கள். அந்தப் பெண் தட்டை எந்தக் கையால் கொடுக்கிறாள்?"

பார்த்தேன். இடது கை. துணியைத்தான் அவள் வீடியோவில் பார்த்து வரைந்திருந்தாள். கைகள் அவள் சொந்தக் கற்பனை, அவை சரியாகவே இருந்தன. திருப்பினால் முந்தானை இடத்துக்கு வருகிறது, தாம்பூலம் இடது கைக்குப் போகிறது. குங்குமம் கொடுக்கிறவள், ஆரத்தி எடுக்கிறவள், எல்லாரும் இடது கைக்காரிகள்.

"எங்கள் ஊரில் இடது கையால் ஒன்றைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். என் அம்மா கையிலேயே ஒன்று போடுவார். உங்கள் ஊரில் பரவாயில்லையா?" என்று கேட்டாள். எங்கள் ஊரிலும் அதே அடிதான் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை நானல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும். திருப்ப வேண்டாம், பன்னிரண்டையும் மறுபடி வரைகிறேன், கண்ணாடி இல்லாமல் வீடியோ மட்டும் அனுப்புங்கள் என்றாள். உள்ளே போய்ச் சாவித்திரியிடம் இடது கையைக் காட்டினேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் சுகர் லேண்டில் இருப்பேன், போட்டோக்களை மாட்டுவதற்குள் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். இந்தத் தடவை அந்தப் 'பார்க்கிறேன்' கொஞ்சம் மெலிந்திருந்தது.

கலிபோர்னியாவில் என் கண்காட்சி பிளசன்டனில், திலகா வீட்டு ஹாலில். திலகா கல்லூரியில் எனக்கு ஜூனியர். அவள் கணவர் முரளி மில்பிடாஸில் ஏதோ சிப் கம்பெனியில் இன்ஜினியர். ஃப்ரீவேயில் வரும்போது இரண்டு பக்கமும் குன்றுகள் காய்ந்த புல்லோடு வைக்கோல் நிறத்தில் கிடந்தன. இதைத் தங்கக் குன்று என்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் மழை பொய்த்த வருஷம்.

சனிக்கிழமை காலையில் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்கள். ஒருத்தர் புளியோதரை, ஒருத்தர் கீன்வா என்ற தானியத்தில் பொங்கல். கீன்வாப் பொங்கலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. செய்தவர் நாலு புடவை வாங்கினார். புடவைகளுக்கு நடுவே அபேனாவின் படங்களை, தப்பு எதையும் சொல்லாமல், வேண்டுமென்றே பரப்பி வைத்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். எப்படி இவ்வளவு தத்ரூபமாக வரைந்தாள், ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வந்து வரைவாளா, என் பெண் அரங்கேற்றத்துக்கு வேண்டும் என்று பெயரையும் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முந்தானையை ஒருத்தராவது கவனிக்க வேண்டுமே. இல்லை. கடைசியில் நானே சொன்னேன்.

ஒரு நிமிஷம் ஹாலே அவரவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. திலகாதான் முதலில் வாய் திறந்தாள். "எனக்கு தப்பாவே தெரியலக்கா. டெய்லி மிரர்ல இப்படித்தானே பாக்கறேன்."

வீடியோ எடுக்க வேண்டும் என்றதும் முரளி பொறுப்பை எடுத்துக்கொண்டார். இன்ஜினியரிடம் ஒரு வேலையைக் கொடுக்கக் கூடாது. தரையில் நீல டேப் ஒட்டி, இங்கே நிற்க வேண்டும், இங்கே திரும்ப வேண்டும் என்று கோடு போட்டார். ஹாலில் இருந்த பெரிய கண்ணாடியைப் படுக்கை விரிப்பால் மூடினார். மைக்ரோவேவ் கதவில் நிழல் தெரிகிறது என்று அதற்கும் ஒரு துண்டு. "எந்த ரிஃப்ளெக்‌ஷனும் ஃப்ரேம்ல வரக்கூடாது. இன்னொரு தடவ ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார். அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகப் புடவை கட்டி, கொசுவம் வைத்து, நடந்து, குனிந்து, வலது கையால் தட்டை நீட்டிக் காட்டினார்கள். திலகாவின் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நீங்கள் எல்லாரும் ரொம்ப அழகாக இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை அம்மாவின் தோழிகளை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று திலகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடியோக்கள் அன்றே டெக்சஸ் போய்ச் சேர்ந்தன. ஒரு கட்டை விரலைத் தவிர அபேனாவிடமிருந்து பதில் இல்லை.

ஹூஸ்டனில் இறங்கியதும் மூக்குக் கண்ணாடி வேர்த்தது. அந்தப் புழுக்கத்தை நான் வரவேற்றேன். சென்னைக்காரிக்குத் தெரிந்த ஒரே தட்பவெப்பம். அபேனாவை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, மஞ்சளும் நீலமுமாகப் பூப்போட்ட கவுன், தூரத்திலிருந்தே கேட்கிற சிரிப்பு. கட்டிப் பிடித்தபோது என் கால் தரையில் இல்லை. காரில் பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய வழியை விட்டுவிட்டு, அடுத்ததையும் விட்டுவிட்டு, டெக்சஸைச் சுற்றிப் பார்த்தபடி அவள் வீடு போய்ச் சேர்ந்தோம்.

ஜொலோஃப் என்று தக்காளிச் சோறு செய்து வைத்திருந்தாள். நம் தக்காளி பிரியாணிக்குச் சித்தப்பா மகள்தான். நைஜீரியாக்காரர்களும் ஜொலோஃப் செய்வார்கள், ஆனால் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றாள். நாங்களும் சாம்பார் விஷயத்தில் கர்நாடகாவைப் பற்றிப் பேசுவதில்லை என்றேன். பக்கத்தில் இஞ்சியும் காரமும் போட்டுப் பொரித்த வாழைப்பழம். நான் மூன்று தடவை போட்டுக்கொண்டேன். அவர்கள் ஊரில் ஒவ்வொரு துணி டிசைனுக்கும் ஒரு பெயர் உண்டாம், பெண்கள் கடையில் பெயர் சொல்லித்தான் கேட்பார்களாம். நானும் ருத்ராட்சக் கரை, தாழம்பூ ரேக் என்று எங்கள் புடவைப் பெயர்களைச் சொன்னேன். சாப்பாடு ஆறிப்போனது. படங்கள் எங்கே என்று கேட்டால் மட்டும், நாளைக்குக் கடையில் பாருங்கள் ஆன்ட்டி என்று பைப்பைத் தன் காலுக்குப் பின்னால் தள்ளினாள். இந்தப் பைப் வழக்கம் அவளுக்கும் பிடித்துப்போய், அவளும் ஒன்று வாங்கியிருந்தாள்.

சுகர் லேண்ட் கடையில் புதுப் பெயிண்ட் வாசனை. நீளச் சுவர் வெள்ளையாகக் காத்திருந்தது. அதன் கீழே போட்டோக்கள் பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தன, ஏணியும் தயார். சாவித்திரி அபேனாவை வணங்கி, காபி கொடுத்து, மரியாதையாகத்தான் நடத்தினார். ஆனால் முகத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற பார்வை இருந்தது. அபேனா தரையில் படங்களை விரித்தாள். சாவித்திரி ஒவ்வொன்றிலும் தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். இடது தோள், வலது கை. இடது தோள், வலது கை. முந்தைய படங்களைவிட இவை நூறு மடங்கு நன்றாக இருந்தன. பிளசன்டன் பெண்களின் நடை, இடுப்பில் சொருகிய கார் சாவி, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படியேறுகிற அவசரம், எல்லாம் இருந்தன.

நன்றாக இருக்கிறது என்றுதான் சாவித்திரி சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், தணிந்த குரலில் சொன்னார். "சொல்லிக் குடுத்தா வரையறாங்க, சரிங்க. ஆனா நம்ம பழக்கம் தெரியாதவங்க இல்லீங்களா? நாளப்பின்ன ஒவ்வொன்னையும் நானே பாத்துட்டு இருக்க முடியுங்களா?"

அபேனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எந்த மொழியிலும் புரியும். அவள் பைப்பிலிருந்து பன்னிரண்டாவது படத்தை எடுத்துத் தரையில் வைக்காமல் சுவரில் வைத்துப் பிடித்தாள்.

பழைய பன்னிரண்டில் ஒன்று அது. கொசுவத்தைச் சொருகிக்கொண்டிருக்கிற பெண், முந்தானை வலது தோளில். அதை அவள் மாற்றவே இல்லை. அந்தப் பெண்ணைச் சுற்றி ஒரு பீரோ வரைந்திருந்தாள். கைப்பிடி தேய்ந்த, பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு பீரோ. அதன் கதவில் கண்ணாடி. கண்ணாடிக்குள் அந்தப் பெண். கண்ணாடி ஓரத்தில் நான் ஒட்டி வைத்துவிட்டு மறந்துபோகிற ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பில் மூன்று, மெரூனில் ஒன்று. என் வீட்டு பீரோ. வீடியோவில் இருந்த பீரோவை முதல் தடவை விட்டுவிட்டு வரைந்தேன், இப்போது திரும்ப வைத்துவிட்டேன், இனி இவள் கட்டியிருப்பது சரிதானே என்றாள் அபேனா.

சாவித்திரி கிட்டே போனார். ஆள் உயரப் படம். அவர் கை தானாக மேலே போய் இடது தோள் முந்தானையை இழுத்துச் சரிசெய்தது, மடிப்பை நீவிவிட்டது, நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தது. பாதியில்தான் தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வெடித்துச் சிரித்துவிட்டார்.

"எங்கம்மா வூட்டு பீரோவும் இதே பச்சைதானுங்க" என்றார் அபேனாவிடம், தமிழிலேயே. பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்ம கண்ணாடியைப் பாத்து வரைஞ்சிருக்குது. தப்பு நம்ம பீரோ மேலதாங்க்கா."

போட்டோக்கள் பெட்டிக்குள் திரும்பிப் போயின. இந்தப் படம் வாசலுக்கு நேர் எதிரே என்று அவரே இடம் காட்டினார். மாட்டி முடிந்ததும், பெயர் எங்கே என்று தேடினார். கீழ் மூலையில் சின்னதாக இருந்தது. அதை யாராவது வெட்டிவிடுவார்கள் என்று நான் அபேனாவின் கதையைச் சொன்னேன். நம்மூரில் கல்யாணத்துக்குக் கண்ணாடி பரிசளித்தால் கொடுத்தவர் பெயரைக் கண்ணாடியின்மேலேயே எழுதித்தானே கொடுப்பார்கள், அந்த மாதிரி எழுதச் சொல்லுங்கள் என்றார் சாவித்திரி. அபேனாவுக்கு மொழிபெயர்த்தேன். அவளுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஏணியில் ஏறி, சிவப்பு வண்ணத்தில், கண்ணாடிக்குள் அந்தப் பெண்ணின் தலையை ஒட்டித் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாள். அதன் கீழே, நான் காகிதத்தில் எழுதிக் காட்டியதைப் பார்த்து, தமிழில். 'பே'யின் கொம்பைப் புடவைக் கொசுவம் மாதிரி இழுத்திருந்தாள்.

கடை திறந்த அன்று உள்ளே வந்த பெண்கள் எல்லாரும் முதலில் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள். நின்றவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார்கள், பிறகு செல்போனில் அதைப் படம் எடுத்தார்கள். அபேனா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்தப் போட்டோக்கள் இப்போது எனக்கு எங்கெங்கிருந்தோ வந்துகொண்டிருக்கின்றன, யார் எடுத்தது என்றே தெரியாமல். எல்லாவற்றிலும் அவள் பெயர் இருக்கிறது. அதை வெட்ட வேண்டும் என்றால் அந்தப் பெண்ணின் தலையையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.